ரெண்டு மார்க்கில் போனவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில், பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்டேன். வாங்கியது பதினேழு. யார் கேட்டாலும், "ரெண்டு மார்க்குல போச்சு" என்று சொல்லி வைத்தேன். நாகல் நகரில் பலசரக்குக் கடை மாடியில் இருந்த டுடோரியலில் சேர்ந்தபோது பார்த்தால், அங்கே வந்த அத்தனை பெண்களுக்கும் ரெண்டு மார்க்கில்தான் போயிருந்தது. பேப்பர் திருத்தினவர்களுக்கு எங்கள் மேல் அப்படி என்ன வன்மமோ!

அக்டோபர் பரீட்சையில் தேறாவிட்டால் நூல் மில்லுக்குத்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். சும்மா மிரட்டுகிற ஆளில்லை, மில்லில் சொல்லியும் வைத்துவிட்டார். எனக்கோ மேலே படிக்க வேண்டும். அந்தப் பயத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி ஒருத்தி வந்து சேர்ந்தாள். என் வயதுதான்.

"உனக்கும் ரெண்டு மார்க்கா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"இல்லடி, நான் வாங்குனதே பதினொண்ணுதான்" என்றாள், வகுப்புக்கே கேட்கிற மாதிரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியும் ஒருத்தி சொல்வாளா!

சார் வெளியே போகும்போது, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத ஒரு லீடர் வேண்டும். "உனக்குத்தான் தொண்டை பெருசு, நீயே இரு" என்று அவளையே போட்டார். அவள் சாக்பீஸை எடுத்ததும் வாயை மூடிக்கொண்டோம். அவள் யார் பெயரையும் எழுதவில்லை. பழைய கேள்வித்தாளைப் பார்த்து ஒரு கணக்கை எழுதி, பரீட்சையில் தான் போட்டதை அப்படியே தப்பும் தவறுமாகப் போட்டாள்.

"இதுல எங்க சறுக்குனேன்னு பாருங்கடி."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே தேடியதில், கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நாலாவது வரில மைனஸ விட்டுட்ட" என்றாள்.

மறுநாள், "அடுத்து யாரு?" என்று கேட்டவள் என்னைப் பார்த்தாள். "நீ வாடி. உனக்கு ரெண்டு மார்க்குலதான போச்சு? கொஞ்சந்தான் தப்பு இருக்கும்."

கோபம் வந்தது பாருங்கள்! கொன்றுபோடலாம் போல இருந்தது. ஆனால் போனேன். எழுதினேன். காதெல்லாம் சுட்டது.

"ரெண்டாவது வரி எப்பிடி வந்துச்சு?" என்றாள்.

"தெரியல. மனப்பாடம் பண்ணுனது. நான் வாங்குனது பதினேழு."

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு ஒம்போது" என்றது ஒரு குரல். "எனக்கு இருபத்தொண்ணுடி" என்றது இன்னொன்று. அதற்கப்புறம் தினமும் ஒருத்தி எழுந்து போய்த் தன் தப்பைப் போர்டில் போட்டாள். திரும்பி வந்த சார்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நடத்துங்க, நடத்துங்க" என்று போய்விட்டார். நான் பின்னாளில் ஆசிரியை ஆகி, தலைமைப் பண்பு பற்றி எத்தனையோ பயிற்சிகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டிருக்கிறேன். அந்த மாடியில் பார்த்ததை யாரும் சொல்லித் தரவில்லை.

அக்டோபர் பரீட்சையில் நான் ஐம்பத்தெட்டு. மில் தப்பியது. மார்க் ஷீட்டோடு மாடிப்படி ஏறி ஓடினேன், முதலில் அவளிடம் காட்ட வேண்டும் என்று. அவள் கையிலும் ஒன்று இருந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். அவளுக்கு முப்பத்து மூன்று.

"ஏண்டி, எனக்கு நெசமாவே ரெண்டு மார்க்குலதான்டி போச்சு!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"நீ எதுக்குடி அழுகுற? அழுகுறதுன்னா நான்ல அழுகணும்" என்று என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே புது பேட்ச் உட்கார்ந்திருந்தது. அவளை யாருக்கும் தெரியாது. முன் பெஞ்சில் இருந்த ஒருத்தி, கேட்காமலே, "எனக்கு ரெண்டு மார்க்குல போச்சுக்கா" என்றாள்.

"அப்பிடியா? எனக்கும் அம்புட்டுத்தான்" என்றபடி அவள் சாக்பீஸை எடுத்தாள். போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போடத் தொடங்கினாள்.

தேறிய நான் வாசலில் நின்று அந்தத் தப்பைத் தேடினேன்.