அப்பா நான்கு

எங்கள் கடையில் கவிதை இனாம். பிளெக்ஸுக்குத்தான் சதுர அடிக் கணக்கு. திருப்போரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடை அது. நான் அங்கே டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பேனர் அடித்துக் கொடுப்போம். பேனர் நிறைய முகங்கள் இருக்கும், முகங்களுக்குக் கீழே பெயர்கள் இருக்கும், மிச்சமிருக்கிற இடத்தில் நான்கு வரி கவிதை இருக்கும். அந்த நான்கு வரி என்னுடையது. இனாமாகக் கிடைக்கிற பொருள் என்பதால் அதை யார் எழுதியது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

சாவு பேனருக்கு அவகாசம் கிடையாது. காலையில் உயிர் போனால் மதியத்துக்குள் பேனர் ரோட்டோரம் நின்றாக வேண்டும். வருகிறவர்கள் காதில் போனும் கையில் கைக்குட்டையுமாக வருவார்கள். அவர்களை உட்கார வைத்து, போனவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்து எழுத நேரமிருக்காது. அதனால் முன்பே எழுதியவற்றைக் கம்ப்யூட்டரில் நம்பர் போட்டு வைத்திருக்கிறோம். அப்பா ஒன்று, அப்பா இரண்டு என்று ஒரு வரிசை. அம்மாவுக்கு ஏழு வரை. நண்பனுக்கு மூன்று. விபத்துக்குத் தனி. திரையில் காட்டினால் வந்தவர் விரல் வைத்து 'இது' என்பார். புதிதாக யாருக்கு எழுதினாலும் அதுவும் ஒரு நம்பரோடு வரிசையில் சேர்ந்துகொள்ளும். ஓர் அப்பாவுக்கு எழுதியது இருபது அப்பாக்களுக்கு ஆகும்.

அந்த வரிசையில் அப்பா நான்கு மட்டும் நான் எழுதியதில்லை. அவள் எழுதியது.

அவளும் நானும் செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் கிராமத்துக்கு இரண்டு பஸ் ஸ்டாப். திருப்போரூரிலிருந்து வந்தால் முதலில் ஊர் ஸ்டாப், அரைக் கிலோமீட்டர் தள்ளிக் காலனி ஸ்டாப். காலனி ஸ்டாப்பில் நிறுத்த வேண்டும் என்பது பல டிரைவர்களுக்கு ஞாபகம் இருக்காது. கை நீட்டினால் நம்மைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அதனால் நான் காலையில் ஊர் ஸ்டாப்புக்கே நடந்துவிடுவேன். அவள் அங்கே நிற்பாள். இருவரும் ஏறியதும் ஒரு நோட்டைத் திறப்போம். நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அவள் அடுத்த இரண்டு வரி எழுத வேண்டும். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் கவிதை முடிந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். முடியாவிட்டால் முடிக்காதவள் டீ வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கித் தந்தேன். அவளுக்கு வரி வருகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எப்போதாவது கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவோம். கல் பட்டறைகளின் சத்தத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தால், எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் சுற்று வட்டாரத்தில் யாரும் இல்லை என்கிற நிம்மதி கிடைக்கும். ஒரே சுண்டல் பொட்டலத்தில் கைவிட்டுத் தின்போம். அவள் மடியில் தலைவைத்து நான் தூங்கியும் இருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் திருப்போரூர் வழியாக பஸ் பிடித்துத் திரும்பி, ஊர் ஸ்டாப்பில் அவள் இறங்கிக்கொள்வாள். நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஸ்டாப்பைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பிளவுபட்ட சமூகம் என்று கவிதை எழுதியிருக்கிறோம். கல்லூரி மேடையில் ஜோடியாக வாசித்துக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம். அழுத ஆசிரியர்கூட உண்டு. ஆனால் எங்க வூட்டுக்கு வாடி என்று அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. எழுத வந்தது, சொல்ல வரவில்லை.

அவளுக்கு மாமல்லபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல் பட்டறைகளுக்கு மெஷின் பிளேடு விற்கிற கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். பத்திரிகையை அவள் பஸ் ஸ்டாப்பில் வைத்துத் தந்தாள். திருப்போரூர் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மண்டபம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் நான் தாராளமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிறகு கொஞ்ச காலம் போனில் பேசினோம். சில வருஷத்துக்கு முன்னால் திருவிழா பேனரை யார் எங்கே கட்டுவது என்பதில் ஊருக்கும் காலனிக்கும் கைகலப்பாகி, போலீஸ் வந்து உட்கார்ந்தது. இரண்டு தரப்பு பேனரும் எங்கள் கடையில் அடித்ததுதான். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பூப்படம் அனுப்பிக்கொள்வதாகச் சுருங்கியது. சண்டை ஒன்றும் போடவில்லை. போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

போன வருஷம் என் அப்பா இறந்தார். கொத்தனார். பழைய மாமல்லபுரம் ரோட்டில் நிற்கிற அடுக்குமாடிகளில் பாதிக்கு என் அப்பாவின் கரண்டி பட்டிருக்கும். செய்தி போட்ட அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து போனுக்கு நான்கு வரி வந்தது.

வாசலில் உங்கள் செருப்பு இருக்கிறது.
செருப்பில்லாமல் ஒருவர்
எவ்வளவு தூரம் போய்விட முடியும்
என்றுதான் காத்திருக்கிறோம்.

அவள் வீட்டுத் தெருவில் என் அப்பா செருப்போடு நடந்து நான் பார்த்ததில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினாள் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே அதைக் கடைக்கு அனுப்பினேன். ஓனர் தானே உட்கார்ந்து பேனரில் ஏற்றிக் காலனி முகப்பில் கட்டச் செய்தார். வந்தவர்களெல்லாம் நின்று படித்தார்கள். என் சித்தப்பா இரண்டு தடவை படித்துவிட்டு முண்டாசை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் அவள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் சாவுக்கு யாரும் அழைப்பை எதிர்பார்க்க மாட்டார்கள். காதில் விழுந்தால் கிளம்பி வந்துவிடுவார்கள். பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். மாமல்லபுரம் ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லை. பாடையைத் தூக்குகிற வரைக்கும் நான் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுத ஒவ்வொருத்தியின் தோளுக்கு மேலாகவும் பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கவிதை வேண்டியிருக்கவில்லை. அவள்தான் வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் அனுப்பிய எதற்கும் நான் பதில் போடவில்லை. இரண்டு நீலக் கோடு மட்டும் போய்ச் சேரட்டும் என்று திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அவ்வளவு கோபம். அவ்வளவு ஏக்கமும்தான், ஒத்துக்கொள்கிறேன். பழைய நோட்டை எடுத்து அவள் கையெழுத்தைத் தடவிப் பார்க்கிற அளவுக்கு.

அந்த நான்கு வரி வழக்கப்படி நம்பர் வாங்கிக்கொண்டு அப்பா நான்கு ஆனது.

இந்த வருஷம் மழை விட்ட ஒரு காலையில் அவளுடைய இரண்டு அண்ணன்மார் கடைக்குள் வந்தார்கள். அவர்களின் அப்பா விடியற்காலையில் தவறிவிட்டார். பெரியவனுக்கு என் முகம் தெரியும், காலனி என்றும் தெரியும். தங்கையும் நானும் எவ்வளவு நெருக்கம் என்பது தெரியாது. ஓனர் வரிசையைத் திரையில் ஓட்டினார். சின்னவன் அப்பா நான்கில் விரல் வைத்தான்.

நான் தடுத்திருக்க வேண்டும். இது போன வருஷம் காலனியில் கட்டியது, வேறு எடுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன், அது பொய். அவள் வரிகள் அவள் அப்பாவுக்கே போவது எனக்கு நியாயமாகப் பட்டது. அதைவிட, வீட்டுக்கு வந்ததும் அவள் அதைப் பார்ப்பாள், பார்த்ததும் என்னை நினைப்பாள் என்ற ஆசை. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரத்தில் பெரியவன் திரும்பி வந்தான். கூட நான்கைந்து பேர். பேனரைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். துக்கத்துக்கு வந்த யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"இன்னாம்மா வேல பண்ணி வெச்சிகீற? போன வருசம் காலனில கட்டின அதே கவிதய எங்க நைனாவுக்குப் போட்டுகீற. ஊர்ல எவன் மூஞ்சில முழிக்கிறது?"

கூட வந்தவர்களில் ஒருத்தன், செருப்பைப் போய் எழுதியிருக்கிறார்கள் பார் என்றான். என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒங்க தங்கச்சி எழுதினதுதான்டா அது என்று சொல்லியிருந்தால் அத்தனை பேர் வாயும் மூடியிருக்கும். ஆனால் அப்பாவின் உடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஓனர் அவர்களுக்கு டீ வரவழைத்தார். அவர்கள் குடிக்கவில்லை. ஓனர் என்னிடம் குனிந்து, "இனிமே ரெண்டு ஃபோல்டரா போட்டுடும்மா. ஊருது தனி, காலனிது தனி. இந்தப் பேஜாரே வேணாம்" என்றார்.

அப்படித்தான் எங்கள் கடையில் கவிதையும் இரண்டாகப் பிரிந்தது. அப்பா ஒன்றும் இரண்டும் ஊருக்குப் போயின. அப்பா நான்கு காலனிக்கு வந்தது. எழுதியவள் ஒரு நாளும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அவள் கவிதை மட்டும் குடிவந்துவிட்டது.

அண்ணன்மாருக்கு இப்போது புதிதாக எழுத வேண்டும். நேரமில்லை. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். நான் அந்த மனிதரை நினைத்துப் பார்த்தேன். நிலத்தை பிளாட்டுக்கு விற்றுவிட்டு வேன் ஓட்டியவர். மகளைப் பஸ் ஏற்ற தினமும் ஸ்டாப்புக்கு வருவார். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வருகிற நாட்களில், ஒரு காலைப் படியில் வைத்து நின்றுவிடுவார். டிரைவர் ஹாரன் அடிப்பார். அந்தப் பொண்ணு வரட்டும்பா என்பார். நான் ஏறின பிறகுதான் காலை எடுப்பார். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்கு வா என்று அவரும் சொன்னதில்லைதான். இருந்தாலும் மூன்று வருஷம் எனக்காக அந்த பஸ்ஸை நிறுத்தியது அவர் கால். கை தானாக டைப் அடித்தது.

ஓடி வருகிறவர்களுக்காக
பஸ்ஸை நிறுத்தி வைத்தீர்கள்.
இன்று நாங்கள் ஓடி வருகிறோம்.
நிறுத்தி வைக்க நீங்கள் இல்லை.

பெரியவன் திரையைப் பார்த்தான். அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்த முகம் கோணிக்கொண்டு போனது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். சின்னவன்தான் கேட்டான், இது உனக்கு எப்படித் தெரியும் என்று. ஊரில் எல்லோரும் சொல்வார்கள் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. இத்தனை வருஷத்தில் நான் எழுதியதில் அதுதான் நன்றாக வந்தது என்று தோன்றியது. பகையாளி போல வந்தவனை நான்கு வரியில் அழ வைத்துவிட்டேன். செங்கல்பட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற ஒரு கவிதை வட்டம் உண்டு. பிரிந்து கிடக்கிற மனிதர்களுக்கு நடுவில் கவிதை என்ன செய்யும் என்று அங்கே அடிக்கடி பேசுவோம். இதோ செய்திருக்கிறது என்று போய்ச் சொல்லலாம் போலிருந்தது.

சாவு வீட்டுக்கு நான் போகவில்லை. போயிருந்தால் தகராறு வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பேனர் விஷயத்தில் ஏற்கெனவே சூடாக இருக்கிறார்கள், இப்போது நான் வேறா என்று சொல்லிக்கொண்டேன். அவள் வந்தாளா என்னைப் பார்க்க, என்றும் சொல்லிக்கொண்டேன். அது கொஞ்சம் உறைப்பாக இருந்ததால் அதையே பல தடவை சொல்லிக்கொண்டேன். புது பேனரை ஊர் ஸ்டாப்பிலேயே, அவர்கள் தெரு பிரிகிற இடத்தில் கட்டியிருந்தார்கள். காலையில் கடைக்குப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் பஸ் அங்கே நிற்கும். நான் அந்தப் பக்கமாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். ஸ்டாப்பில் நிற்பவர்கள் அண்ணாந்து படிப்பதைக் கவனிப்பேன். நானும் ஒரு தடவை படித்துக்கொள்வேன். அவள் இதைப் பார்த்திருப்பாள், என் வரி என்று கண்டுபிடித்திருப்பாள், இன்றைக்கு போன் வரும் என்று தினமும் காத்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் மாமல்லபுரம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். மறுநாள் கடையில் இருக்கும்போது செய்தி வந்தது. நான்கு வரிக் கவிதை இல்லை. நீளமாக, பேசுகிற மாதிரி எழுதியிருந்தாள்.

"மொத பேனரு பாத்தப்பவே நீதான்னு தெரிஞ்சிது. ரெண்டாவதும் நீதான்னு தெரிஞ்சிது. ஒங்கப்பா சாவுக்கு நான் வராதது தப்புடி. வூட்ல வாணாம்னாங்க, நானும் பயந்துனு நின்னுட்டேன். அதக் கேட்டுத் திட்டவாச்சும் நீ வருவன்னு நெனச்சேன். பதினாறு நாளும் வாசல்லதான் உக்காந்துனு இருந்தேன். நீ போற பஸ்ஸு அங்கேர்ந்து நல்லா தெரியும். ரெண்டு வேளையும் நின்னு நின்னு போச்சு. எறங்குவ எறங்குவன்னு பாத்தேன்."

அவர்கள் வீடு தெருவுக்குள் நான்காவது. பேனருக்கு அடியில் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரிகிற தூரம்தான். பதினாறு நாளும் நான் பேனரைத்தான் பார்த்தேன்.