தரைப்பாலத்துச் சிவப்பு விளக்கு

அப்போது ஆற்றங்கரையில் ஒரு செங்கல் தூண் இருந்தது, அதன் உச்சியில் கம்பிவலைக்குள் ஒரு சிவப்பு விளக்கு. குன்றத்தூர் போகும் தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் ஏறினால் அது எரியும். தெருப் பிள்ளைகள் அதை லைட் ஹவுஸ் என்பார்கள்.

அது வந்ததே என் அண்ணன் செத்ததால்தான். ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவர், கொட்டும் மழையில், தினமும் போகிற பாதைதானே என்று தண்ணீருக்குள் பைக்கை இறக்கினார். உடல் வெகுதூரம் தள்ளிக் கருவேலம் புதரில் கிடைத்தது. கல்யாணமாகித் தலைதீபாவளிகூட வரவில்லை. அதன்பின் அண்ணி ஊராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

"இன்னாம்மா, ஒரு லைட்டுக்கா இவ்ளோ அலையிற?" என்றார் தலைவர்.

"அந்த லைட்டு இல்லாமதான என் வூட்டுக்காரரு போனாரு" என்றார் அண்ணி.

விளக்கு வந்தது. சுவிட்சைக் கரையோரமிருந்த எங்கள் வீட்டிலேயே வைத்தார்கள். மழைக்காலம் முழுக்க அண்ணி ஊரைவிட்டு நகரமாட்டார். அவருடைய அம்மா மறுமணப் பேச்சை எடுத்தபோது, "நான் பூட்டா அந்த லைட்ட யாரு போடுவாங்க?" என்று முடித்துவிட்டார். அந்த விளக்கு அவருடைய வயதைத் தின்றுகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

பிறகு சற்றுத் தள்ளி மேம்பாலம் கட்டினார்கள். இனி இது எதற்கு என்று இணைப்பைத் துண்டித்து, தூணையும் இடித்தார்கள். ஆனால் மேம்பாலம் சுற்றுவழி. கம்பெனிக்கு நடந்து போகிறவர்கள் தரைப்பாலத்தை விடவில்லை. தண்ணீர் ஏறும்போதெல்லாம் அண்ணியே கரையில் போய் நின்று கத்தி, ஆட்களைத் திருப்பி அனுப்பினார்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், வடநாட்டுப் பையன் ஒருவன் எதிர்க்கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினான். "வராத! வராத!" என்று அண்ணி இரண்டு கைகளையும் ஆட்டினார். அவனுக்குத் தமிழ் தெரியாது. கூப்பிடுகிறார் என்றே நினைத்திருக்க வேண்டும். சிரித்தபடி அவனும் கையை ஆட்டிவிட்டு, இன்னும் வேகமாக நடந்தான். பாதி தூரத்தில் ஆற்றோடு போய்விட்டான்.

"நான் கூப்ட்டன்னு நெனச்சிகினு வந்தான்" என்பதையே அண்ணி அதன்பிறகு திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் என்ன சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. தை பிறந்ததும் சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலுள்ள தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

இந்த வருட மழையிலும் தரைப்பாலம் மூழ்கியது. கரையில் யாரும் நிற்கவில்லை.