உயிர் எடை

கடைக்காரர் பொட்டலத்தை நீட்டினால் மாயகிருஷ்ணன் அதை உடனே பைக்குள் போடமாட்டார். உள்ளங்கையில் வைத்து லேசாக இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பார். பிறகு சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, காக் கிலோ பருப்பு கேட்டேன். இதுல எறநூத்திச் சொச்சம்தான இருக்கு?" என்பார். கடைக்காரர் சண்டைக்கு வருவதில்லை. தராசில் போட்டுப் பார்ப்பதும் இல்லை. ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, "ஒமக்குப் பயந்தே நான் வேற ஊருக்குக் கடையத் தூக்கிட்டுப் போகணும்வே" என்பார்.

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மேலே வைக்கச் சொல்லிக் கொடுக்கும் பெட்டி, வாசலில் இறக்கிய கேஸ் சிலிண்டர், எது கைக்கு வந்தாலும் ஒரு தூக்கு, ஒரு எண். கேட்டால்தான் சொல்வார் என்பது கிடையாது. ஒரு தடவை பஸ்ஸில் ஒரு அம்மாளின் பெட்டியைத் தூக்கி, "பதினாறு இருக்கு. மக வீட்டுக்குச் சீர் கொண்டு போறியளோ?" என்று கேட்கப்போய், அந்த அம்மாள் கயத்தாறு வரும்வரை பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தொழில் ஆட்டுத் தரகு. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் முப்பத்தைந்து வருடம். ஆட்டின் அடிவயிற்றுக்குக் கீழே வலது கையைக் கொடுத்து, கால் தரையைவிட்டு நாலு விரல் எழும்புகிற அளவுக்கு ஒரு தூக்கு. இடது கைக் கட்டைவிரலால் இடுப்புச் சதையில் ஒரு அமுக்கு. "உயிர் எடை பதினெட்டு, கறி ஒம்பது தேறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவார். இரண்டு எண்ணும் ஒரே மூச்சில் வரும். முதல் எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்த அவருக்குத் தெரியாது. வாங்குகிறவர்களுக்கு வேண்டியதே இரண்டாவது எண்தான். நம்பாமல் தராசில் தூக்கிக் கட்டிப் பார்த்தவர்கள் கால் கிலோ வித்தியாசம் கண்டால் அதிகம்.

சந்தைக்குப் போகிற அன்றைக்குக் காலையில் தண்ணீர்க் குடத்தைத் தொடமாட்டார். "கை மப்பாயிரும், எட பிடிபடாது" என்பார். வாழைப்பழம்கூட இடது கையில்தான். மனைவி வெள்ளைத்தாய்க்கு இது கல்யாணமான புதிதிலிருந்தே ஆகாது. "எந்த ஊர்லயாவது ஒரு கைக்கு மட்டும் லீவு விடுவாவளா?" என்று கேட்டபடியே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள்.

பத்து மாதத்துக்கு முன்னால் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் அவருடைய ஒரே மகள் முத்துசெல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாழினி என்று பெயர் வைத்தார்கள். நர்ஸ் துணியில் சுற்றி முதன்முதலாக அவரிடம் கொடுத்தபோதே கைக்குத் தெரிந்துவிட்டது: மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. வாய் வரைக்கும் வந்த எண்ணை விழுங்கிக்கொண்டார். பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, கண் பட்டுவிடும் என்பது வெள்ளைத்தாயின் கட்டளை.

அன்றிலிருந்து அவர் சொல்லாமல் எடை பார்த்துவந்தார். புதன்கிழமை தோறும் குளிப்பாட்டித் துவட்டியதும், "குட்டிய இங்கன குடு" என்று வாங்கிக்கொள்வார். போன புதனுக்கு இந்தப் புதன் நூற்றைம்பது கூடியிருந்தால் அன்று முழுக்கத் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவார். ஒரு தடவை வயிற்றோட்டம் வந்து முந்நூறு கிராம் இறங்கியது. டாக்டர் சொல்வதற்கு முன்னால் கைதான் சொன்னது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு வெயில் மேல் பழியைப் போட்டார். சந்தை முடிந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேசிவிட்டு வருகிற மனுஷன், பேத்தி தவழ ஆரம்பித்த பிறகு நேராக பஸ் ஏறினார். "குட்டி என்னத் தேடும்லா" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். அவருக்கு அதிலும் சந்தோஷம்தான்.

மருமகன் ஹரிகிருஷ்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. வேலைக்காக எட்டு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து, புதிதாகக் கார் வாங்கி, தன் தாயார் மீனாட்சியம்மாளையும் பாளையங்கோட்டையிலிருந்து ஏற்றிக்கொண்டு, மனைவியையும் பிள்ளையையும் அழைத்துப்போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். பெங்களூருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடாது, அதற்கென்று உள்ள சீட்டில் கட்டித்தான் உட்காரவைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றான். "அமெரிக்காவுல எல்லாம் அந்தச் சீட்டு இல்லன்னா ஆஸ்பத்திரியிலயே பிள்ளைய வெளிய விடமாட்டாங்க மாமா."

சென்னையில் ஒரு கடையில் இரண்டு வகை இருந்தது. ஹரியின் சிநேகிதன் அங்கே போய்ப் பார்த்துச் சொல்லியிருந்தான். படத்தைக் காகிதத்தில் எடுத்து வந்து ஹரி கட்டிலில் பரப்பினான். ஒன்று சின்னது, கூடை மாதிரி கைப்பிடி வைத்தது. பிள்ளை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும். பத்துக் கிலோ வரைக்கும்தான். இன்னொன்று பெரியது. இப்போது பின்பக்கம் பார்க்க வைத்துக் கட்டலாம். பிள்ளை வளர்ந்த பிறகு அதையே முன்பக்கமாகத் திருப்பிப் போடலாம். பதினெட்டுக் கிலோ வரை போகும். நாலு வயதுவரை கவலையில்லை. ஆனால் காரில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

"ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டா பிள்ள போகும்?" என்றார் மீனாட்சியம்மாள். அவர் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு தரம் கேட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

"பிரேக் அடிச்சா கழுத்து தாங்காதும்மா. முதுகு தாங்கும்."

மாயகிருஷ்ணனுக்கு அது சட்டென்று பிடித்துவிட்டது. "சரிதான மாப்ள! வேன்ல குட்டிய ஏத்துனா நாங்களும் முன்பலகையில முதுகு சாயத்தான் நிறுத்துவோம். மூஞ்சி முன்னப் பாத்து நின்னா ஒரு பிரேக்குல முட்டி ஒடிஞ்சிரும்லா!"

மீனாட்சியம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹரி மட்டும் சிரித்தான். இதோடு நிறுத்தியிருந்தால் தேவலை.

சென்னையிலிருந்து போன் வந்தது. பிள்ளையின் எடை எவ்வளவு என்று கடையில் கேட்கிறார்கள் என்றான் சிநேகிதன். முத்துசெல்வி ஊசி போட்ட அட்டையைத் தேடினாள். அதில் ஆறாம் மாதத்து எடைதான் இருந்தது. எல்லாரும் ஆளுக்கொரு எண்ணைச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து யாழினி தவழ்ந்துபோய் தாத்தாவின் வேட்டியைப் பிடித்தாள். அவர் குனிந்தார். வலது கை தானாக வயிற்றுக்குக் கீழே போனது. நாலு விரல் தூக்கினார். இடது கட்டைவிரல் இடுப்பில் அமுங்கியது.

"உயிர் எடை ஒம்பதே முக்கா," என்றார், சந்தையில் சொல்கிற அதே குரலில். "கறி அஞ்சு தே..."

நாக்கைக் கடித்துக்கொண்டபோது சொல் வெளியே போய்விட்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை மட்டும் அவர் கையில் தொங்கியபடி காலை உதைத்துச் சிரித்தது. மீனாட்சியம்மாள் எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. "பிள்ளையக் குடுங்க அண்ணாச்சி" என்று இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அடுக்களையிலிருந்து உப்பும் மிளகாய் வற்றலும் கொண்டுவரச் சொல்லி, கூடத்திலேயே பிள்ளைக்குச் சுற்றிப் போட்டார். மூன்று தரம். மாயகிருஷ்ணன் அதே கூடத்தில்தான் நின்றார். வெளியே போவதா, நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உடனே புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதைவிட வெள்ளைத்தாய் திட்டியது எவ்வளவோ மேல். "எந்தப் பாவியாவது பெத்த மக வயித்துப் பிள்ளையத் தூக்கி அந்தக் கணக்கு சொல்லுவானா? நாக்கா அது, இல்ல கசாப்புக் கடை வெட்டுக்கட்டையா?"

"வாய் தவறிட்டு, வெள்ள."

"பல்லத் தாண்டி எப்படித் தவறும்?"

கொல்லைக் குழாயில் போய் வலது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். முப்பத்தைந்து வருட ஆட்டு வாடை அது. குட்டி, குட்டி என்று வாய் ஓயாமல் கூப்பிட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். சந்தையில் கட்டிக்கிடப்பதற்கும் அதே பெயர், பேத்திக்கும் அதே பெயர். இத்தனை நாள் அது அவருக்கு உறைத்ததே இல்லை.

அதற்குப் பிறகு அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. யாராவது நீட்டினாலும், "தொழுவத்துல வேல கிடக்கு" என்று எழுந்துவிடுவார். பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழகிப் பார்த்தார். "யாழினி" என்று அவர் சொன்னதும் பிள்ளை வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று தன்பாட்டுக்கு விளையாடியது.

திங்கள்கிழமை எல்லாரும் கோவில்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டுக்குப் பிள்ளையை எடை பார்க்கப் போனார்கள். பை தூக்க அவரும் போனார். வட்ட முகம் வைத்த தராசு. மேலே பிள்ளையைப் படுக்கவைக்கத் தட்டு. நர்ஸ் துணியை விரிக்கும்போதே அவர் கண் முள்ளுக்குப் போனது. வெறும் தட்டிலேயே முள் சுழியில் இல்லை. ஒரு விரற்கடை பின்னால் நின்றது. பிள்ளையைக் கிடத்தினார்கள். "எட்டரை" என்றாள் நர்ஸ்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்றாலும் தராசு முள் அவருக்கு முகம் பழகினது. முள் பின்வாங்கி நின்றது எவ்வளவோ, அவ்வளவுதான் குறைந்திருக்கிறது. வாயைத் திறந்தார். பக்கத்தில் மீனாட்சியம்மாள் நின்றார். பிள்ளையின் எடை. அதைப் பற்றி இவர் வாயிலிருந்து இனி ஒரு சொல் வருவதா? பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

காரில் வரும்போது ஹரி கணக்குச் சொன்னான். "எட்டரைன்னா சின்னதே போதும். பத்து ஆக இன்னும் ஆறு மாசம் ஓடும். பத்துக்கு மேல போச்சுன்னா மட்டும் அதுல வைக்கவே கூடாது. வார் பிள்ளையத் தாங்காது."

"கூடை மாதிரி தூக்கிக்கிட்டும் போலாம்," என்றார் மீனாட்சியம்மாள். அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது.

முன் சீட்டில் மாயகிருஷ்ணன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதமா? இந்தப் பிள்ளைக்கு முட்டி பெரிது, எலும்பு அகலம். பத்தைத் தொட மூன்று வாரமே அதிகம். அதற்குப் பிறகு ஐந்து மாதம், தாங்காத வாரில், எட்டரைதானே என்று நினைத்துக்கொண்டு இவர்கள் ஓட்டுவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹரி போனோடு முற்றத்துக்கு வந்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தொழுவத்தில் அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "ஆமாடா, சின்னதே போதும். இன்னைக்கே பஸ்ல போட்டு விட்ரு..."

குழையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கையெல்லாம் இலை ஒட்டியிருந்தது.

"மாப்ள, அது வேண்டாம். பெருசச் சொல்லுங்க."

"ஏன் மாமா?" ஹரி போனைக் காதிலிருந்து கொஞ்சம் நகர்த்தினான்.

"டாக்டர் வீட்டுத் தராசு சரியில்ல. வெறுந்தட்டுலயே முள்ளு பொறத்தால நின்னுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா!"

அவர் கையில் ஒட்டிய இலையை உதிர்த்தார். அப்போது ஏன் சொல்லவில்லை என்பது கேட்டவனுக்கும் அடுத்த நிமிடம் புரிந்துவிட்டது. சத்தம் கேட்டு முத்துசெல்வி வந்தாள். மீனாட்சியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றார். தாத்தாவைக் கண்டதும் பிள்ளை அந்தப் பக்கம் பாய்ந்தது. மீனாட்சியம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போனுக்குள் சென்னைக்காரன், "ஹலோ, சின்னதா பெருசா? எடை என்னன்னு கேக்காங்கடா" என்று கத்தினான்.

"அப்ப எவ்வளவுதான் இருக்கும் மாமா?" என்றான் ஹரி.

மாயகிருஷ்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"ஒம்பதே முக்கா," என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கே எட்டாத குரல். சொல்லி முடித்த அந்த நொடியே, அடுத்த எண் வந்துவிடாமல், வலது உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

"பெருசே அனுப்புடா. திருப்பிப் போடுறது. ஆமா, ஒம்பதே முக்கா," என்று ஹரி சொல்லிப் போனை மடக்கினான். அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.