கூரை திறக்கும் காரில் கருட சேவைக்கு

வைகாசி மாதம் காஞ்சிபுரம் கருட சேவையன்று விடிகாலை நாலரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். காரில் நானும், முன் இருக்கையில் என் பக்கத்தில் என் அக்கா ருக்மணியும் மட்டும். கார் என்னுடையது அல்ல. நண்பர் தணிகாசலம் விற்க நினைத்த பழைய சீமைக் கார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சாவியைக் கொடுத்திருந்தார். முன் இருக்கைக்கு மேலே கூரையில் ஒரு சதுரத் தகடு. கைப்பிடியைத் திருகிப் பின்னால் தள்ளினால் வானம் தெரியும். அந்த ஒரு வசதிக்காகவே முந்நூறு ரூபாய் கூடக் கேட்டார்.

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. வெயிலே காணாத சீமைக்காரன் அதைக் கெஞ்சிக் கூப்பிட ஒரு ஜன்னல் வைத்துக்கொண்டான், சரி. செங்கல்பட்டு ஜில்லாவில் வைகாசி வெயிலை யார் கூப்பிட வேண்டும்? போதாததற்கு முந்தின நாள் தூறலில் தகட்டின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. அக்கா நனையக் கூடாதே என்று, தணிகாசலத்திடம் கேட்டுக்கொண்டு, ஓட்டைக் குடத்தை அடைக்கிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்கு முழுக்கப் பூசி அடைத்தேன். காலையில் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா மூன்று வருடத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள். எலும்பு கூடிவிட்டது, கம்பு ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. அவள் நடக்கவில்லை. மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். நாங்கள் கையைப் பிடித்து இழுத்தால் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவள் பயணம். கெஞ்சினோம், கோபித்துக்கொண்டோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள், "கருட சேவைய ஒரு தடவ பாத்துட்டா போதும்பா" என்றாள். அந்தப் 'போதும்' கேட்ட பிறகு அவளை அழைத்துப் போகாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தரை மணிக்கு வாலாஜாபாத். அரிசி மில் பக்கத்துக் கடையில் இட்லி ஒன்று பத்துப் பைசா. அக்காவுக்குக் காரிலேயே கொண்டுவந்து கொடுத்தேன். ஐயம்பேட்டையைத் தாண்டுவதற்குள் சாலை முழுக்க மாட்டு வண்டிகள், தலையில் மூட்டையோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். அதில் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் பிடித்தது.

ஆறரைக்குச் சின்ன காஞ்சிபுரம். போலீஸ்காரர் இனி வண்டி போகாது என்று கையைக் காட்டிவிட்டார். சாமி வரும் சாலையோரமாகவே ஒரு வீட்டு வாசலில் இடம் இருந்தது. வீட்டுக்காரர் முனிரத்தினம், பட்டு நெசவு. வாசலில் சாத்தியிருந்த தறிக்குப் பாவு நூல் நீட்டும் கழிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "இன்னிக்கு தறி லீவு சார், வண்டிய இப்டி உடு" என்றார். அக்காவின் நிலையைச் சொன்னேன்.

"அதுக்கு இன்னா சார், நாலு பேரா சேந்து நாற்காலியோட மாடிக்கு தூக்கிடலாம்."

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "சாமிய மேல இருந்து குனிஞ்சு பாக்கறதா? வேணாம்பா, நான் இங்கயே குந்திக்கினு பாக்கறேன்."

ஏழு மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. அதோடு கூட்டமும் வந்தது. அரை நிமிஷத்தில் காரின் நான்கு ஜன்னல்களிலும் வேட்டியும் வயிறும்தான் தெரிந்தன. நகரச் சொன்னால் நகர அவர்களுக்கும் இடமில்லை. "ஒண்ணும் தெரியலயேடா" என்றாள் அக்கா.

வெளியே நின்ற முனிரத்தினம் கூரையைத் தட்டி, "மேல தொறக்கிற மாரி இருக்குதே, தொற சார்!" என்று கத்தினார்.

கைப்பிடியைத் திருகினேன். தகடு அசையவில்லை. குங்கிலியத்தால் அடைத்த கதையைச் சொன்னபோது எனக்கே என்னை அறையலாம் போலிருந்தது. "குடத்துக்கு பூசறத காருக்கு பூசினியா!" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே ஓடி, துணியில் சுற்றிய சின்னக் கத்தியோடு வந்தார். சேலையில் பிசிறு வெட்டுகிற கத்தி. "பட்டத் தவிர வேற எதயும் இதால தொட்டதில்ல" என்றபடி கார்ப் படியில் ஏறி நின்று, தகட்டைச் சுற்றி நான்கு பக்கமும் அதை அழுத்தி இழுத்தார். கத்தியின் முனை ஒடிந்தது. நான் கீழேயிருந்து இரண்டு கையாலும் தள்ளினேன். தகடு கிரீச்சிட்டுப் பின்னால் போனது.

முதலில் அந்தச் சதுரம் முழுக்க வெள்ளைக் குடை. குடை நகர்ந்ததும் கருடனின் தங்கச் சிறகு. அப்புறம் மாலை, கிரீடம். சுற்றிலும் "வரதா! வரதா!" என்ற முழக்கம். சாமி எங்களைத் தாண்டிப் போகத் தொடங்கியபோது அக்கா கூரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து எழுந்தாள். நான் கை கொடுக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை. எங்கே அவளுக்கு ஞாபகம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. தலையும் தோளும் கூரைக்கு வெளியே போய்விட்டன. விளிம்பிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டபடி என் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் சீறியது. "யாரும்மா அது, கார்ல நட்டுக்கினு நிக்கறது? எங்களுக்கு சாமி மறைக்குதுல்ல? குந்தும்மா கீழ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். தன் கால்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம் கலைந்ததும் புறப்பட்டோம். ஒடிந்த கத்திக்கு ஏதாவது கொடுக்கப் போனேன், முனிரத்தினம் வாங்கவில்லை. பாலாற்றுக் காற்றிலும் அனல் அடித்தது. மூட மனம் வராமல் விட்ட கூரை வழியே வெயில் எங்கள் உச்சந்தலையைப் பொரித்தது. காற்றுக்காகவோ அழகுக்காகவோ யாராவது இப்படி ஒரு கார் வாங்க நினைத்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். என் கணக்கு வேறு. வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

வாலாஜாபாத் எல்லையில் அக்கா திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா திமிரு பாத்தியா அவளுக்கு? நான் மறைக்கிறேனாம்!"

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.