காட்டியாச்சு என்று அமுக்கினேன்

என் மகளுக்கு ஆறு வயதில் தொண்டைச் சதையை எடுக்க வேண்டும் என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கொடுத்த நர்ஸ், என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார். "தினமும் ஒரு வீடியோ வருமுங்க. நீங்களும் பாருங்க, பாப்பாவுக்கும் காட்டுங்க. காட்டினதும் இந்தப் பட்டனை அமுக்குங்க" என்றார். மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு எடப்பாடிக்கு பஸ் ஏறினேன்.

நான் விசைத்தறி ஓட்டுகிறவள். எட்டுத் தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அந்தச் சத்தத்தில் போன் வீடியோ என்னத்தைக் கேட்கும்? எத்தனை மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, எந்தச் சீட்டு வேண்டும் என்பதை எல்லாம் ஆப்பில் வந்த எழுத்தில் படித்துக்கொண்டேன். 'குழந்தைக்குக் காட்டினீர்களா?' என்று கேட்டதற்கு மட்டும் ஐந்து நாளும் பார்க்காமலேயே 'காட்டியாச்சு' என்று அமுக்கினேன். சனியன், தொல்லை விட்டால் போதும் என்றிருந்தது.

தறியின் மேல் மட்டும் பழி போட முடியாது. வீட்டுக்குப் போய்க் காட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளில் ஆபரேஷன் என்ற சொல்லைக் குழந்தை காதில் போட மாட்டோம். பயந்து காய்ச்சலில் விழுந்துவிடும் என்பார்கள். அதனால், "சேலத்துக்குக் கொலுசு வாங்கப் போறோஞ் சாமி" என்று சொல்லிக் கிளப்பினேன். பஸ்ஸில் காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தியேட்டர் வாசலில் அதே நர்ஸ் குனிந்து அவளிடம், "வீடியோவுல பாத்தியல்ல பாப்பா, அந்த மாஸ்க்கைத்தான் இப்ப வெக்கப் போறோம்" என்றார்.

அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "என்ன மாஸ்க்கும்மா? கொலுசுக் கடைக்குப் போலாம்னு சொன்னியே?"

"அஞ்சு நாளும் காட்டியாச்சுன்னு போட்டிருக்கீங்களேங்க?" என்றார் நர்ஸ். வீறிட்டு அழுத பிள்ளையின் விரல்களை என் சேலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் உள்ளே இருக்கும்போது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தேன். ஒரு யானைக்குட்டி மாஸ்க் வைத்துக்கொண்டு, ஊதி ஊதித் தூங்கிப்போகிறது. இரண்டு நிமிஷம்கூட இல்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பாள். நாசமாய்ப் போன புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவளுக்கு எட்டு வயது. போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருந்தது. இந்த முறை எதையும் மறைக்கவில்லை. "பல்லுப் புடுங்கத்தான் போறோஞ் சாமி. ஊசி போடுவாங்க, கொஞ்சம் வலிக்கும். அம்மா பக்கத்துலயே இருப்பேன்" என்று முதல் நாளே சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

அங்கே நாற்காலியில் ஏறுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டாள்: "எங்கம்மா சொன்னது நெசந்தானுங்களா?"