ஈயம் இல்லாத பெயிண்ட்

பெயிண்ட் கம்பெனியில் புகார் கேட்கிற உத்தியோகம் என்றால், சுவர் தப்பு பண்ணாது, பெயிண்டர் தப்பு பண்ணவே மாட்டார், ஆகவே வாசலில் வந்து நிற்கிற நீதான் அயோக்கியன் என்பதை முதல் நாளே ஒத்துக்கொண்டுவிட வேண்டும். எவனோ செய்ததற்குத் திட்டு வாங்கியே சம்பளம் வாங்கிய ஜென்மங்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்களுடையது பெங்களூர் பழைய மெட்ராஸ் ரோடில் வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து எங்கள் வியாபாரத்தைத் தின்ன ஆரம்பித்ததும் முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற பெயிண்டில் இனிமேல் ஈயம் கிடையாது, கலக்கிறதற்குத் தின்னர் எண்ணெயும் வேண்டாம், தண்ணீர் கலந்தால் போதும். டப்பாவில் பச்சை இலைப் படம். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதை ஊர் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

மூக்கு

ஜோகுபாளையத்தில் முனியப்பா என்று ஒரு மேஸ்திரி. அவர் கை காட்டுகிற டப்பாவைத்தான் அந்தப் பக்கத்துப் பெயிண்டர்கள் எல்லாரும் வாங்குவார்கள். அவர் முன்னால் புது டப்பாவைத் திறந்து வைத்தேன். தலையைக் குனிந்து மூச்சை இழுத்தார். நெடியே இல்லை, முகம் சுருங்கிவிட்டது. பெயிண்டர்களுக்குப் பெயிண்ட் என்றால் நெடி. கண் எரிய வேண்டும், தலை கிறுகிறுக்க வேண்டும், சாயந்திரம் ஒரு துண்டு வெல்லம் தின்று நெஞ்சைக் கழுவ வேண்டும். அப்போதுதான் சரக்கு ஸ்ட்ராங்.

ஈயம் உடம்புக்கு ஆகாது, நரம்பைத் தின்றுவிடும் என்று பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மூடியைப் போட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "முப்பது வருஷமா அதைத்தானே சார் மோந்துக்கினு இருந்தோம், அப்ப ஒருத்தனும் வந்து சொல்லலியே?"

தயிர்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, கிறிஸ்துமஸுக்காக வீடு முழுக்க எங்கள் புதுப் பெயிண்டை அடிக்கச் சொல்லியிருந்தார். ஓடி வா என்று போன். போய்ப் பார்த்தால் டப்பாவில் பெயிண்ட் தயிர் மாதிரி திரிந்து கிடக்கிறது. தண்ணீர் மட்டும்தான் கலந்தேன் என்று பெயிண்டர் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்தான். குனிந்தால் குப்பென்று மண்ணெண்ணெய். அட பாவி என்றேன். தண்ணீர் ஊற்றினால் ஒட்டாது என்று பயந்து, 'டீச்சருக்கு நல்லது பண்ணலாம்னுதான்' கொஞ்சம் ஊற்றினானாம். பெங்களூர் முழுக்க எனக்கு இதே கதைதான்.

வேறு டப்பா தருகிறேன் என்றேன். டீச்சரம்மா விடவில்லை. ஜன்னல் கட்டையில் பழைய பெயிண்டைக் காட்டினார். அதுவும் எங்கள் சரக்குதான். பல் முளைக்கிற வயதில் அவர் பேரன் கடித்த தடம் அதில் இருந்தது. பழசைப் பற்றி யார் கேட்டாலும் 'அதுவும் நல்ல பெயிண்ட்தான்' என்று சொல்ல வேண்டும் என்பது எனக்கு மேலிடத்து உத்தரவு. சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அது நல்லதுன்னா இது எதுக்குப்பா? இது நல்லதுன்னா எம் பேரன் கடிச்சது என்ன?"

அரை லிட்டர் பால்

கலர்ப் பொடியை மெஷினில் போட்டு அரைக்கிற செக்‌ஷனில் ஜெயராஜ் அண்ணன் இருந்தார். லிங்கராஜபுரத்துக்காரர், எனக்கு பஸ் சிநேகிதம். அந்த செக்‌ஷன்காரர்களுக்கு தினம் அரை லிட்டர் பால் பாக்கெட் கொடுப்பார்கள். ஈயத் தூசியின் விஷத்தைப் பால் முறிக்கும் என்று யாரோ ஒரு காலத்தில் ஆரம்பித்து வைத்த வழக்கம். ஒருத்தரும் குடிக்கமாட்டார்கள், டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். ஜெயராஜ் அண்ணனின் மூன்று பெண்களும் அந்தப் பாலில் வளர்ந்தவர்கள்தான்.

புதுப் பெயிண்ட் வந்த கையோடு பாலை நிறுத்திவிட்டார்கள். விஷமே இல்லாத செக்‌ஷனுக்குப் பால் எதற்கு? நியாயம்தானே! பஸ்ஸில் அண்ணன் கோபப்படக்கூட இல்லை. "பெயிண்ட்லருந்து எடுத்துட்டாங்க, சந்தோஷம் தம்பி. எனக்குள்ள போனதை யார் எடுக்கறது?"

குடிக்காதவர்

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது சீக்கிரமே தெரிந்தது. கேன்டீனில் அவர் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவியது. அடுத்த நாளும் நழுவியது. வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது, தூக்க வரவில்லை. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, குடியை நிறுத்து என்றார். அண்ணன் பெந்தெகொஸ்தே சபைக்காரர், ஆயுசில் ஒரு சொட்டு தொட்டதில்லை. வெளியே வந்து அழுதார்.

அவருக்கு வேண்டியதெல்லாம் பேக்கிங் செக்‌ஷனில் ஒரு இடம். லேபிள் ஒட்டுகிற வேலை, ஒரு கை போதும். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் முடிகிறவரை வேலையில் இருந்தால் போதும் என்றார். நான் மேனேஜரிடம் போய் நின்றேன். கன்னடக்காரர், கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலை இறக்கினார். "நோடி, பாருங்க சார், கைக்காக வேலை மாத்தினா, கை எங்களாலதான் போச்சுன்னு நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்."

கைதட்டல்

ஆயிரம் சொல்லுங்கள், பச்சை இலை ஜெயித்தது. சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்த கம்பெனி என்று எங்களுக்கு விருது கிடைத்தது. பெரிய ஓட்டலில் விழா. வெளிநாட்டு விருந்தாளிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த தொழிலாளி ஒருத்தருக்குச் சால்வை போடலாம் என்று யாருக்கோ யோசனை வந்து, பழைய ஆள் என்று ஜெயராஜ் அண்ணனைக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முதலாளியை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று அவருக்கு நம்பிக்கை. முதலாளிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

சால்வை போட்டு, ரெண்டு வார்த்தை பேசுங்க என்று மைக்கை நீட்டினார்கள். இடது கையால் வாங்கினார். நன்றி சொல்லவில்லை. "ஐயா, அரைச்சு அரைச்சு எனக்கு வலது கை போயிடுச்சு. பேக்கிங்ல ஒரு இடம் போட்டுக் குடுங்க. ஒரு கையில லேபிள் ஒட்டிடுவேன்" என்றார். முதலில் வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள், பாவம், அவர்களுக்குத் தமிழ் எங்கே தெரியும். அப்புறம் முதலாளி சிரித்த முகமாகத் தட்டினார். முதலாளி தட்டினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூரை அதிர்ந்தது.

அண்ணன் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம். "எல்லாரும் தட்டினாங்களே தம்பி, அப்ப போட்டுக் குடுத்துடுவாங்கதானே?"

அந்த மாதக் கடைசியிலேயே அவரை விருப்ப ஓய்வு என்று அனுப்பிவிட்டார்கள். என் உத்தியோகத்தில் நான் கேட்ட புகார்களிலேயே நூற்றுக்கு நூறு நியாயமான புகார் அது ஒன்றுதான், அதற்குத்தான் எல்லாரும் கை தட்டினார்கள்.