பாட்டு வராத பெட்டி

கரண்ட் போனால் செஞ்சிக் கடைத்தெருவே முணுமுணுக்கும். எனக்கு மட்டும் கொண்டாட்டம். அறுபதுகளின் கடைசி அது. மெட்ராஸ் விமான நிலையம், விமானங்களுக்கு வழிகாட்ட இரவும் பகலும் ஒரு குறியீட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த அலை நம் ரேடியோக்களின் முள் போகாத அளவுக்குக் கீழே இருந்தது. அரிசி மில் மோட்டார், டியூப் லைட் எல்லாம் அங்கேதான் இரைச்சலைக் கொட்டும். கரண்ட் போனால்தான் அந்த இடம் சுத்தமாகும்.

கீழே இருக்கும் அலையைத் தூக்கிச் சிற்றலையில் கேட்க வைக்கும் கன்வர்ட்டர் ஒன்றை, எங்கள் எண்ணெய்க் கடையின் பின்கட்டில் கட்டினேன். நான் மெட்ராஸ் போய் ரேடியோ படிக்க ஆசைப்பட்டேன். நைனாவுக்கு நான் கடையில் உட்கார வேண்டும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நான் செய்த பெட்டி அவர் காது கேட்க வேலை செய்தால் அனுப்புவார்.

முதல் தடவை பேட்டரியை இணைத்து, டிரான்சிஸ்டரில் முள்ளைத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் மெட்ராஸ் வானொலியின் சினிமாப் பாட்டு. நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வெல்லக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆனி பிறந்ததும் கிளம்பு என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். பலத்த ஸ்டேஷன் ஒன்று உள்ளே புகுந்து கன்வர்ட்டரைத் திணறடிக்கிறது, இது கோளாறு, வாசலிலேயே தடுக்க ஃபில்டர் வேண்டும் என்று அவரிடம் விளக்கினேன். சரி செய்து காட்டு என்றார்.

மூங்கில் துண்டுகளில் கம்பி சுற்றிக் காயில் செய்தேன். கண்டன்சர்களை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு கொஞ்சம் இளைத்தது. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் ஓய்ந்த மறுநாள் மதியம் கரண்ட் போனது. ஃபில்டரை கிளிப் போட்டு மாட்டினேன். பாட்டு அடியோடு நின்றது. அதன் அடியிலிருந்து மெலிதாக, குட்டையும் நெட்டையுமாக விமான நிலையத்தின் கூவல்கள் வந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நைனாவும் வெல்லக் கடைக்காரரும் காதை வைத்துப் பார்த்தார்கள்.

“பாட்டு எங்கடா?”

“அத வராம பண்றதுக்குத்தான் நைனா இவ்ளோ வேலையும்.”

அவர் டிரான்சிஸ்டரைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லா பாடினு இருந்தத கெடுத்துட்ட. கெடுக்கறதுக்கு மெட்ராஸ் போயி வேற படிக்கணுமா?”

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். வெல்லக் கடைக்காரர், பழையபடி ஆக்கிடு தம்பி, அவர் மனசு மாறிடும் என்று என் காதில் சொன்னார். அவர் சொன்னது சரிதான். கிளிப்பைக் கழற்ற ஒரு நொடி போதும். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கூவல் அவ்வளவு சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கை கிளிப்பிடம் போகவே இல்லை.

மறுநாள் காலையில் நைனா கடைச் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.